மருதாசலத்தின் பன்னிரண்டு காலண்டர்கள்

ஆனி 5, புதன், பிரதோஷம்

இந்த நோட்டு நர்மதா கொடுத்தது. என் கணக்கு நோட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இதை என் கையில் வைத்தாள். "இதுல செலவு எழுதாதீங்கம்மா. ஐயாவைப் பத்தி ஞாபகம் வர்றதைத் தேதி போட்டு எழுதுங்க" என்றாள்.

நர்மதா, கதிர் கேலரியில் கண்காட்சி வைக்கிற பொறுப்பில் இருக்கிற பெண். சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு மில்லைச் சுத்தம் செய்து அந்தக் கேலரியை நடத்துகிறார்கள். ஆடிப் பதினெட்டு அன்று என் வீட்டுக்காரர் மருதாசலத்தின் படங்கள் மொத்தத்தையும் அங்கே வைக்கப்போகிறார்கள். நாற்பது வருஷத்து வேலை. எந்தப் படம் எந்த வருஷம் போட்டது என்று அவருக்கே தெரியாது. படத்தின் மேல் தேதி போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. என் நோட்டில் இருக்கிறது. இன்ன தேதியில் கறுப்பு எனாமல் அரை லிட்டர், இன்ன தேதியில் பழைய பேப்பர் கடையில் காலண்டர் ஆறு, காலி பல்பொடி டப்பா பத்து. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தையும் கோயில் புத்தகத்தையும் படித்துத்தான் எழுத்துத் திருந்தியது. என் எழுத்தை ஒரு படித்த பெண் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோவாள் என்று நினைத்ததில்லை.

"நான் வரைஞ்சதுக்கு உன்ற பருப்புக் கணக்கு சாட்சி சொல்லுது பாத்தியா, அம்மிணி" என்று அவர் சிரித்தார்.

முப்பத்தெட்டு நோட்டு கொடுத்தேன்.

சாயங்காலம் பேரூர் கோயிலுக்குப் போனோம். நந்திக்கு அபிஷேகம் முடிகிற வரைக்கும் அவர் உட்காரவே இல்லை. அறுபத்தேழு வயசில், முழங்கால் வலியோடு, கல்தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. கல்யாணமான புதிதில் இதே மனிதர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "நீ போயி உங்க ஆளைப் பாத்துட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பார். இப்போது முப்பத்துமூன்று வருஷமாக ஒரு பிரதோஷம் தவறியதில்லை. பட்டீஸ்வரர் எனக்குக் கொடுத்த வரம் என்று இதைத்தான் சொல்வேன்.

ஆனி 6, வியாழன்

மழை இல்லை. வடகம் பிழிந்து மொட்டைமாடியில் காயப் போட்டேன்.

ஆனி 9, ஞாயிறு

இன்று கேலரியைப் பார்த்தேன். முன்பு நூல் நூற்ற பெரிய ஹாலில் மிஷின் எல்லாம் போய், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கிறது. பேசினால் நம் குரலே திரும்பி வருகிறது. எனக்குப் பிராகாரம் ஞாபகம் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அவர் போடுகிற படத்துக்குப் பாப் ஆர்ட் என்று பெயராம். சோப்பு உறை, தீப்பெட்டி, சினிமா நோட்டீஸ், சிமெண்டு மூட்டை என்று கடையிலும் தெருவிலும் கிடப்பதை எடுத்து, அதையே பளிச்சென்ற வர்ணத்தில் படமாக்குவது. நர்மதா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்திலிருந்து, "இதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னு எனக்கே நாப்பது வயசுலதானுங்க தெரியும். அது வரைக்கும் இவ குப்பைன்னுதான் சொல்லிட்டிருந்தா" என்றார்.

"ஏனுங்க, குப்பைன்னு நான் சொன்னது டப்பாவைத்தானுங்க."

"அந்த டப்பாவுக்குத்தான் இப்ப லைட்டுப் போடறாங்க."

ஹாலின் கடைசியில் இருக்கிற நீளச் சுவரைக் காட்டி நர்மதா சொன்னாள்: "இது 'பன்னிரண்டு மாதம்' படங்களுக்கு. ஐயாவோட வேலையில அதுதான் உச்சம். தொண்ணூத்தொண்ணுல மெட்ராஸ்ல வெறும் போட்டோவுல பார்த்தவங்களே இன்னும் பேசறாங்க. ஆனா எங்க கையில இருக்கறது இது ஒண்ணுதான்."

பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. காலண்டரில் வருகிற அம்மன். தாமரையில் நிற்கிறாள். கையில் சூலத்துக்குப் பதிலாக டார்ச் லைட். முகத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெண் முகம் வரைந்திருக்கும். இதைப் போல் பன்னிரண்டு. பன்னிரண்டையும் கரையான் தின்றுவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். கோயமுத்தூரில் படம் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

"இந்த முகம் யாருதுங்க ஐயா? போட்டோவுல சரியாத் தெரியல."

"தண்ணி பைப்படியில நின்ன பொம்பளைங்க" என்றார் அவர்.

நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

ஆனி 12, புதன்

நர்மதா போன் செய்தாள். "அம்மா, எண்பத்தஞ்சுலேருந்து வரிசையா இருக்கு. தொண்ணூத்தொண்ணு மட்டும் காணோம். எனக்கு அந்த வருஷம்தான் முக்கியம்."

"அதையும் கரையான் தின்னுபோட்டுது கண்ணு."

"அப்படிங்களா" என்றாள். பிறகு, "தொண்ணூறு நோட்டு நல்லாத்தானே இருக்கு, ஒரே அலமாரிதானேம்மா" என்று கேட்டாள். கேட்டது சந்தேகப்பட்டு இல்லை. வருத்தப்பட்டுத்தான்.

ஆனி 13, வியாழன்

அந்த நோட்டு பூஜை அலமாரியில், அம்மன் படத்துக்குப் பின்னால், பட்டுத்துணியில் சுற்றி இருக்கிறது. இதை எழுத ஒரு நாள் யோசித்தேன்.

ஆனி 19, புதன், பிரதோஷம்

நர்மதா மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டாள். தக்காளி சாதம் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, அந்தப் பன்னிரண்டுல நாலு படமாவது திரும்பப் போட்டுக் குடுங்க. ஞாபகத்துலேருந்து போதும். அது இல்லாம அந்தப் பெரிய ஹாலை உங்களுக்குத் தர கேலரி ட்ரஸ்டுல யோசிக்கறாங்க. பெங்களூர்க்காரங்க ஒரு குரூப் கேட்டுட்டிருக்காங்க. அப்படி ஆச்சுன்னா உங்களுக்கு முன்னாடி இருக்கற சின்ன ரூம்தான் கிடைக்கும். உங்க படங்களைப் பத்தின புத்தகமும் போட மாட்டாங்க. ஆடி ஒண்ணாந்தேதி முடிவு பண்றாங்க."

அவர் தட்டை நகர்த்தினார். "சின்ன ரூமே போதுங்க."

"ஏனுங்க ஐயா?"

"சாமியெல்லாம் நான் இப்பப் போடறதில்லைங்க."

"ஒரு கொள்கை மாதிரியா?"

"கொள்கையெல்லாம் பெரிய வார்த்தைங்க. போடறதில்லை, அவ்வளவுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் மோர் எடுத்துவரப் போனேன்.

உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்படி இருந்த மனிதர். ஆனால் அவள் போன பிறகு அவர் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, விரலால் தொட்டியின் ஈரத்தில் எதையோ வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கோயிலில் இன்று வழக்கத்தைவிட நேரம் விழுந்து கிடந்தார். பின்னால் நின்ற பெண், "ஐயாவுக்கு எத்தனை பக்தி பாருங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஆனி 20, வியாழன்

நாச்சம்மாள் அண்ணியைப் பற்றி எழுத வேண்டும். அவருடைய அக்கா. இறந்து ஒன்பது வருஷமாகிறது, சிவபதவி அடைந்தவரைக் குறை சொல்லக்கூடாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஏழாம் மாசத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. பெண். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்தது, பிறகு தரிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அண்ணி சொன்னார்: "அம்மன் மூஞ்சியை அறுத்துப்போட்டு அந்த எடத்துல பொண்டாட்டி மூஞ்சியை ஒட்டுனா, வயித்துல எப்படிப் புள்ள தங்கும்?"

எழுதிவிட்டேன். ஆமாம், பைப்படிப் பெண்கள் இல்லை. அந்த முகம் என்னுடையது. பன்னிரண்டும்.

ஆனி 23, ஞாயிறு

அவர் அந்தப் படங்களைத் தை மாசத்தில் ஆரம்பித்தார். எனக்கு அப்போது மூன்று மாசம். மேலறையில் ஓட்டுக்கு அடியில் ஒரு ஸ்டூலில் என்னை உட்காரவைத்து வரைவார். ஒரு படத்துக்கு இரண்டு மணி, மூன்று மணி நேரம். அசையக்கூடாது. டாக்டரம்மா படுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். இதையும் அவரிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் அம்மிணி, இந்த மொகத்துல இப்ப ஒரு வெளிச்சம் இருக்குது, அப்புறம் வராது" என்றார். ஒருத்தர் அப்படிச் சொன்னால் எழுந்து போக முடியுமா. நானும் உட்கார்ந்தேன். மஞ்சளில் ஒரு நான், நீலத்தில் ஒரு நான், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நான். அம்மனின் கிரீடத்துக்குக் கீழே, அம்மனின் மூக்குத்திக்குப் பக்கத்தில்.

வலி வந்த அன்றைக்கு அவர் மெட்ராஸில் இருந்தார். படங்களின் போட்டோவை ஒரு பெரிய கேலரியில் காட்டப் போயிருந்தார். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஐப்பசியில் அங்கே வைத்து, பிறகு டெல்லிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நல்ல சேதியோடு வந்தவர் என்னை ஆஸ்பத்திரியில் பார்த்தார்.

நான் குறை சொல்லவில்லை. தேதி வரிசைப்படி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஆனி 27, வியாழன்

கீரைக்காரி வரவில்லை. ரசம், அப்பளம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனி 28, வெள்ளி

பூஜை முடித்துவிட்டு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆடி பதினெட்டு. பேரூர் போக ஆட்டோ, தேங்காய், வாழை இலை, காதோலை கருகமணி. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். எதை ஏற்றிக்கொண்டு போனேன் என்று எழுதவில்லை. என் கணக்கில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் ஆடிப் பதினெட்டுக்குப் பேரூர் நொய்யல் கரையில், கன்னியாகச் செத்துப்போன பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் படையல் வைப்பார்கள். ஆற்று மணலில் ஏழு கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, காதோலை கருகமணி சாத்திக் கும்பிட்டு ஆற்றில் விடுவது. என் பெண்ணுக்குப் பேர்கூட வைக்கவில்லை. அவளுக்குச் செய்யப் போனேன். சேதமான சாமி படத்தை வீட்டில் வைக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். இதுவும் ஊரறிந்த வழக்கம்தான். அவர் திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரப் பலகை எழுதப் போயிருந்தார். பன்னிரண்டையும் பழைய போர்வையில் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன்.

வழக்கப்படிதான் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் படங்கள் ஹார்டுபோர்டில் ஒட்டியவை. முங்கவில்லை. மல்லாந்து மிதந்தன. பன்னிரண்டு நிறத்தில் என் முகம் ஒன்றன் பின் ஒன்றாக ஆற்றில் போகிறது. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். நான் தண்ணீரில் இறங்கிக் கல்லெடுத்து எறிந்தேன். குறி பார்த்து எறிந்தேன். சாமி படத்தைத் தண்ணீரில் விடுகிறவள் யாரும் கல்லெடுத்து எறிய மாட்டாள்.

அவர் வந்ததும், பின்கட்டுச் சுவரில் ஏறியிருந்த கரையான் புற்றைக் காட்டினேன். தின்றது போக மிச்சத்தை எரித்துவிட்டேன் என்றேன். கரையான் இருந்தது பொய் இல்லை.

ஆனி 30, ஞாயிறு

அவரைக் கேட்டேன். "ஏனுங்க, அந்தப் பொண்ணு அத்தனை தூரம் சொல்லுதே, நாலு படந்தானுங்க, போட்டா என்னங்க?"

"நீயா சொல்றே?" என்று ஆச்சரியமாகப் பார்த்தார். "நீதானே சாமி குத்தம்பே."

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. விடு."

நாளை மறுநாள் போனால் ஆடி ஒன்று.

ஆனி 32, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். நான் எதிரில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரையைக் கீழே வைக்காமலே சொன்னேன். கையில் ஏதாவது இருந்தால் சொல்ல வரும் என்று நினைத்தேன்.

"ஏனுங்க. அந்தப் படங்களைக் கரையான் திங்கலீங்க."

"எந்தப் படம்?"

"பன்னண்டும். நான்தானுங்க பேரூர் ஆத்துல உட்டேன். பதினெட்டுக்கு. நீங்க திருப்பூர் போயிருந்தப்ப."

பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார். அடுத்ததை எடுத்து அதையும் துடைத்தார்.

"முங்குச்சா?"

"இல்லீங்க. மெதந்துச்சு. கல்லெடுத்துப் போட்டேன்."

"ஹார்டுபோர்டு எப்படி முங்கும்" என்றார், ஏதோ பெயிண்டுக் கடைக்காரனிடம் பேசுகிற மாதிரி. எனக்கு அதுவே போதும் போல இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

பிறகுதான் பேசினார்.

"நாச்சக்கா ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு எங்கிட்டயும் சொல்லுச்சு. உன்ற கிறுக்குனாலதான் புள்ள போச்சுன்னு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அதுக்கு என்ன தெரியும்னு. அப்புறம் நான் திருப்பூர்லேருந்து வந்தப்ப நீ கரையான்னு சொன்னே. போயிப் பாத்தேன். பக்கத்துல பேப்பர்க் கட்டு அப்படியே இருக்குது. சினிமா நோட்டீஸ் இருக்குது. அதையெல்லாம் தொடல. சாமிப் படம் மட்டும் ஒண்ணில்லாமப் போயிருக்குது. அன்னிக்கு எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு மரகதம். அக்கா சொன்னது நெசம்னு நம்புனேன். நான்தான் புள்ளையக் கொன்னேன்னு."

என்னை மரகதம் என்று பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அம்மிணி என்பார், ஏ புள்ள என்பார்.

"நீங்க கோயிலுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கும்புடவா வந்தேன்? மன்னிப்புக் கேக்க வந்தேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா."

மண்ணெண்ணெய் டப்பாவை மூடினார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் வந்து சாப்பிட்டார். கீரை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

ஆடி 1, புதன்

அவரே நர்மதாவுக்குப் போன் செய்தார். "நாலு போட்டுத் தர்றேன். கேலரியிலயே வந்து போடறேன். வீட்டுல எடம் பத்தாது."

வீட்டில் இடம் இருக்கிறது. மேலறை காலியாகத்தான் கிடக்கிறது.

பெரிய ஹால் அவருக்கே என்று முடிவாகிவிட்டதாகச் சாயங்காலம் அவள் போனில் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "என்னம்மா செஞ்சீங்க, எப்படி ஒத்துக்கிட்டாரு?" என்றாள்.

ஆடி 3, வெள்ளி, பிரதோஷம்

அவர் கேலரியில் இருக்கிறார். நான் மட்டும் பேரூர் போய் வந்தேன். வேலை இருக்கும்போது என்ன செய்வது.

ஆடி 6, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டைப் பஸ்ஸில் கொண்டுபோனேன். ஹாலின் நடுவில் மேஜை போட்டுக்கொண்டு காலண்டர் அம்மனின் முகத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். முன்பு வேகமாக வெட்டுவார். இப்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறார்.

"உக்காரட்டுங்களா?" என்று கேட்டேன். "பாத்துப் போட்டா சுளுவா இருக்குமில்லீங்க."

நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"வேண்டா. அந்த மொகம் எனக்கு ஞாபகம் இருக்குது."

டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி 9, வியாழன்

வீட்டில் பேசுகிறோம். பால் வந்ததா, கரண்டு பில் கட்டியாயிற்றா, சுடுதண்ணி வைக்கட்டுமா. முன்பும் இதைத்தான் பேசினோம். இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வருகிறது. கேலி இல்லை. நான் பூஜை செய்யும்போது பின்னால் வந்து நின்று, "அவருக்கு மட்டும் நெய்ப் பொங்கல், எனக்கு ரவையா" என்று கேட்பார். இன்று பொங்கல் பண்ணினேன். வந்து நிற்கவில்லை.

ஆடி 12, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். அவர் கோயிலுக்கு வர ஆரம்பித்தது அந்த வருஷம் ஆவணியில். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாசத்துக்கு முன் செருப்புப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் திடீரென்று ஏன் விழுந்து கும்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது, அது போதும் என்று இருந்தேன். அவர் பத்து வருஷம் சொந்தப் படம் ஒன்றுகூடப் போடாமல் ஜவுளிக்கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்ததைக்கூட, குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் நானும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆடி 16, வியாழன், பிரதோஷம்

நான் மட்டும்.

ஆடி 17, வெள்ளி

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டுகிறார்கள். படத்தின் பேர், வருஷம், எதால் செய்தது. நாலு படத்துக்கும் அட்டை எழுத வேண்டும், முதலில் போட்ட பன்னிரண்டும் என்னவாயிற்று என்று ஒரு வரி வேண்டும் என்று நர்மதா அவரிடம் கேட்டாள். கரையான் என்றே போடட்டுமா என்றாள்.

"அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார்.

நர்மதா என்னைப் பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையோடு கொண்டுபோயிருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷத்து நோட்டையும் கொடுத்தேன். ஆடிப் பதினெட்டுப் பக்கத்தைப் பிரித்துப் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நீங்களே எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவது இது:

"பன்னிரண்டு மாதம், 1991. காலண்டர் படம், எனாமல், ஹார்டுபோர்டு. அவ்வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று பன்னிரண்டு படங்களும் பேரூர் ஆற்றில் விடப்பட்டன. விட்டது வரைந்தவரின் மனைவி மரகதம். கரையான் தின்றதாகச் சொன்னது பொய். இங்கிருப்பவை நான்கும் ஞாபகத்திலிருந்து வரைந்தவை."

"கரையான் வரி வேணுங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஆத்துல விட்டதே போதும். ஜனங்க உங்களை ஒரு மாதிரி பார்ப்பாங்க."

"அந்த வரிக்காகத்தான் கண்ணு மத்ததை எழுதுனேன்."

ஆடி 18, சனி

கூட்டம் நிறைய வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். என்னையும் ஒரு திரி ஏற்றச் சொன்னார்கள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தொண்ணூத்தொண்ணுல நீங்க வந்திருந்தா கதையே வேற சார்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சிரித்து, "அப்ப முடியாமப் போச்சுங்க" என்றார். யாரால் என்று சொல்லவில்லை. அட்டையில் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும் என்று விட்டாரா, இல்லை என்னைக் காப்பாற்றினாரா, எனக்குத் தெரியவில்லை.

நாலு படமும் அந்த நீளச் சுவரில் நிறைய இடம் விட்டுத் தள்ளித் தள்ளி இருந்தன. மஞ்சள், நீலம், சிவப்பு, கத்தரிப்பூ நிறம். தாடையில் சின்ன வயசில் விழுந்த தழும்புகூட விடவில்லை. இருபத்தேழு வயசு. மாசமாக இருக்கிற முகம். அவர் சொன்ன வெளிச்சம் எதுவென்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு இடுப்பு வலி மட்டும்தான் தெரிந்தது.

எனக்கு இப்போது அறுபது. அந்தச் சுவரில் நான் இல்லை.

அட்டையைப் படிக்கிறவர்கள் திரும்பி என்னைத் தேடினார்கள். குங்குமமும் திருநீறுமாக நிற்கிற ஒரே பொம்பளை நான்தான், கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. என் வயசுக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து, "நீங்கதானுங்களா அது?" என்றாள்.

"ஆமாங்."

"நானா இருந்தாலும் ஆத்துலதானுங்க்கா உட்டிருப்பேன். பின்னமான சாமிய வீட்டுல வெச்சுக்க முடியுங்களா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"கல்லெடுத்து எறிஞ்சிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. போய்விட்டாள்.

ஆடி 19, ஞாயிறு

பேப்பரில் அவர் போட்டோ வந்திருக்கிறது. வெட்டி வைத்தேன். அவர் மத்தியானம் வரைக்கும் தூங்கினார்.

ஆடி 27, திங்கள்

மேலறையைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டு காலண்டர் வந்திருக்கிறது. முருகன், லட்சுமி, ஆஞ்சநேயர் எல்லாரும் இருக்கிறார்கள். பன்னிரண்டையும் போடப்போகிறாரா என்று கேட்டேன். "இது வேற" என்றார். எதுவென்று சொல்லவில்லை. ஆனால் மேலே வேலை செய்யும்போது பாடுகிறார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பாடுவார், அந்த மாதிரி, பாதி வரிக்கு மேல் தெரியாமல்.

மேலே காபி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். பாட்டை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணி 1, சனி, சனிப் பிரதோஷம்

இன்று அவருக்கு எந்த வேலையும் இல்லை. நாலு மணிக்குத் தலை சீவிக்கொண்டு படியடியில் நின்று, "கெளம்பறீங்களா?" என்று கூப்பிட்டேன்.

மேலிருந்து, "நீ போயிட்டு வா" என்றார். கோபமாக இல்லை. சாதாரணமாகச் சொன்னார்.

கோயிலில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம். நந்திக்குப் பக்கத்தில் எப்போதும் நாங்கள் நிற்கிற தூணடியில் நின்றேன். குருக்கள் தட்டோடு வந்தவர், "என்னம்மா, ஐயாவைக் காணோமே. மூணு பிரதோஷமா வரலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த மாதிரிப் பொய் எனக்குக் கஷ்டமில்லை.

"நல்லா இருக்காருங்க சாமி. அவரு மேல குத்தம் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால வரலீங்க."

குருக்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திருநீற்றை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

தீபாராதனை ஆயிற்று. எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். பயம் விட்டுப்போன ஒரு மனுஷன் அங்கே வீட்டில் பாடிக்கொண்டு படம் போடுகிறார். அதற்கு நன்றி சொல்லத்தான் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தேன். கையைத் தூக்கினேன். நன்றி வரவில்லை. வேண்டிக்கொண்டதெல்லாம், அவர் மறுபடியும் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதாகவே இருந்தது.